எல்லோருக்கும் ஒரே கவுண்ட்டர்

வடமாலபேட்டைக்காரர்களுக்கு ரேணிகுண்டாவில் இருக்கும் திருப்பதி விமான நிலையம் பக்கம்தான். அதன் பெயரில் 'சர்வதேசம்' உண்டு. ஆனாலும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் புத்தூர், நகரி தாண்டி சென்னை மீனம்பாக்கம் நிலையத்துக்குத்தான் வண்டி பிடிக்கிறார்கள்.

அப்படிப் போகும்போது, பெரிய பன்னாட்டு முனையங்களில் பெட்டியை எடைபோடும் கவுண்ட்டரைக் கவனியுங்கள். காலையில் தலைக்கு மேலே ஒரு விமான நிறுவனத்தின் பெயர் ஒளிரும், ராத்திரி இன்னொன்று. கணினியும் போர்டிங் பாஸ் அச்சிடும் கருவியும் மாறுவதில்லை. நடுவே உள்ள பொது மென்பொருள்தான் ஒவ்வொரு நிறுவனத்தின் பயணியர் பட்டியலோடும் பேசுகிறது. இது இல்லாவிட்டால் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாகக் கணினி வைத்து, கம்பி இழுக்க வேண்டியிருக்கும். செலவு மிச்சம்தான். ஆனால் இதைச் செய்து தருகிறவர்கள் உலகிலேயே சில கம்பெனிகள்தான். ஊருக்கெல்லாம் ஒரே மேல்நிலைத் தொட்டி என்றால், அதில் கலந்தது எல்லா வீட்டுக் குழாயிலும்தான் வரும்.

2025 செப்டம்பர் 19 இரவு அதுதான் நடந்தது. காலின்ஸ் ஏரோஸ்பேஸ் நிறுவனத்தின் 'மியூஸ்' என்ற பொது மென்பொருள் முடங்கியது. லண்டன் ஹீத்ரோ, பிரஸ்ஸல்ஸ், பெர்லின் நிலையங்கள் ஒரே நேரத்தில் தடுமாறின. அந்த நிலையங்களுக்குள் யாரும் நேராக நுழையவில்லை. அடி விழுந்தது அவற்றுக்கு மென்பொருள் தந்தவர் மீது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் ரேன்சம்வேர் வகைத் தாக்குதல் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையப் பாதுகாப்பு முகமை உறுதிசெய்தது. திங்கட்கிழமைப் புறப்பாடுகளில் ஏறக்குறைய பாதியை ரத்துசெய்யும்படி பிரஸ்ஸல்ஸ் நிலையம் விமான நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. அதே ஹீத்ரோவில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் மட்டும் மாற்று ஏற்பாட்டுக்குத் தாவி, வழக்கம்போல் பறந்தது.

முடக்குவதற்கு எதிரியே தேவையில்லை என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான ஒரு புதுப்பிப்பு, உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்தது. ஹைதராபாத் உட்பட இந்திய நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்.

அப்படியானால் எதை வலுப்படுத்துவது? பயணிகளின் வைஃபை, கவுண்ட்டர், பெட்டி ஓடும் பெல்ட், வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு இவற்றின் வலைப்பின்னல்களைத் தனித்தனியே பிரிப்பது அடிப்படை. ஒன்றில் புகுந்தவன் அடுத்ததற்குத் தாவக் கூடாது. பராமரிப்புக்காரர் தொலைவிலிருந்து நுழையும் வழி, வேலை நடக்கும்போது மட்டுமே திறந்திருக்க வேண்டும். எப்போதும் திறந்து கிடப்பதுதான் பல இடங்களில் ஓட்டை. தரவுகளின் நகல் ஒன்று எந்த இணைப்பும் இல்லாமல் தனியே இருக்க வேண்டும். இந்தியாவில் 2022 முதல், இணையத் தாக்குதலைக் கண்டறிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற அரசு அமைப்புக்குத் தெரிவிப்பது கட்டாயம்.

2025 மார்ச்சில் கோலாலம்பூர் நிலையத்தை இணையம் வழியே தாக்கியவர்கள் 1 கோடி டாலர் கேட்டார்கள். மலேசியப் பிரதமர் அன்வர் இப்ராஹிம் தர மறுத்தார். வெள்ளைப் பலகையில் விமான நேரங்களை எழுதிவைத்துச் சமாளித்தார்கள்.

அப்படி மறுக்கும் துணிவு, கையால் நடத்தத் தெரிந்தவர்களுக்கே வரும் என்பது என் எண்ணம். மதில் கட்டுவதற்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் இந்தப் பழக்கத்துக்கும் போக வேண்டும். பயணியர் பட்டியலை முன்கூட்டியே தாளில் எடுத்துவைப்பது, எண்ணிட்ட பெட்டிச் சீட்டுகளைக் கட்டாக வைத்திருப்பது எல்லாம் ஆண்டுதோறும் ஒத்திகை பார்க்க வேண்டிய வேலைகள். கையால் எழுதிய சீட்டில் பார்கோடு இருக்காது. வாசலில் நிற்கும் மத்திய தொழிற் பாதுகாப்புப் படைக் காவலர் அதை எந்தப் பட்டியலோடு ஒப்பிடுவார் என்பதும் அந்த ஒத்திகையிலேயே முடிவாகியிருக்க வேண்டும்.