நாங்களும் வரலாறு படைத்தோம்: தடயம் தேடிச் சென்ற இரு பெண்கள்

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் பலதார மணத்தைத் தடை செய்தது. பெண்ணுக்கு மணமுறிவு கோரும் உரிமையை வழங்கியது. சட்டக் கல்லூரியில் இதை நாடாளுமன்றம் அளித்த சீர்திருத்தமாகவே நாம் படித்தோம். ஆனால், அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1942 ஜூலை 20 அன்று நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாடு இவ்விரு கோரிக்கைகளையும் தீர்மானங்களாக நிறைவேற்றியிருந்தது. சுலோசனாபாய் டோங்ரே தலைமை தாங்கிய அம்மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் உரையாற்றினார். நமது பாடநூல்களில் இதற்கு ஒரு வரிகூட இடமில்லை.

இத்தகைய மறதிக்கு எதிராக உழைத்தவர்கள் மீனாட்சி மூன், ஊர்மிளா பவார் ஆகிய இருவர். அம்பேத்கர் இயக்கப் பெண்களின் வரலாற்றை அவர்கள் மராத்தியில் எழுதி 1989இல் வெளியிட்டனர். 'நாங்களும் வரலாறு படைத்தோம்' என்பதே அந்நூலின் தலைப்புக்குப் பொருள். 2008இல் அது ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

ஊர்மிளா பவார் 1945இல் கொங்கணப் பகுதியின் ரத்னகிரி மாவட்டத்தில் மகர் குடும்பமொன்றில் பிறந்தவர். பள்ளி ஆசிரியரான தந்தை இறந்தபின், தாய் மூங்கில் கூடை முடைந்து பிள்ளைகளை வளர்த்தார். பொதுப்பணித் துறையில் பணியாற்றிக்கொண்டே ஊர்மிளா சிறுகதைகள் எழுதினார். 2003இல் வந்த அவரது தன்வரலாற்றின் பெயரான 'ஆய்தான்' மூங்கிலால் முடைந்த பொருள்களைக் குறிக்கும். தாயின் முடைதலும் தன் எழுத்தும் ஒரே வேதனையால் இழைக்கப்பட்டவை என்பது அவர் கருத்து.

வரலாற்றுப் பணியிலும் அவர் செய்தது முடைதல்தான். அரசு ஆவணக் காப்பகம் இப்பெண்களைப் பதிவு செய்யவில்லை. எனவே, இருவரும் இயக்கத்தின் பழைய இதழ்களைப் புரட்டினர். முதிய பெண்களின் வீடுகளுக்கே சென்று அவர்களின் நினைவுகளைக் கேட்டு எழுதினர். நூலின் முதற்பகுதி இயக்க வரலாறு. இரண்டாம் பகுதி அப்பெண்களின் வாழ்க்கைக் கதைகள். 1927இல் மகாடிலும், 1930இல் நாசிக் காலாராம் கோயில் போராட்டத்திலும் பங்கேற்ற பெண்கள் அதில் உயிர்பெறுகின்றனர். சுமை தூக்கிப் பிழைத்து, பின்னர் நாக்பூரில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஜாய்பாய் சௌத்ரியும் அவர்களுள் ஒருவர்.

நீதிமன்றத்தில் ஆவணமே பேசும் என்பதை வழக்கறிஞர்களாகிய நாம் அறிவோம். ஆவணத்தை எழுதும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதை அந்த ஆவணம் சொல்வதில்லை. நிலப் பதிவேட்டில் பெயரில்லாதவர் நிலமற்றவர் ஆகிறார்; வரலாற்றில் பெயரில்லாதவர் போராடாதவர் ஆக்கப்படுகிறார். பின்னர் அவரது உரிமை பிறர் இட்ட பிச்சையாகச் சித்திரிக்கப்படுகிறது. நினைவைப் பதிவு செய்வது இந்தப் பொய்க்கு எதிரான சாட்சியம்.

முதுமை காத்திருப்பதில்லை. நமது சேரிகளிலும் போராட்டங்களில் நின்ற மூதாட்டிகள் இருக்கின்றனர். இந்த விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவத் தோழர்கள் ஒரு குறிப்பேட்டுடன் அவர்கள் அருகில் அமரட்டும். பெயர், ஊர், ஆண்டு, நிகழ்வு ஆகிய நான்கையும் முதலில் எழுதுவோம். நம் வரலாறு அங்கிருந்து தொடங்கும்.