லாரியில் வந்த 122

2020 மே 4 மாலை. சுகாதாரத் துறையின் அன்றைய பட்டியலில் தமிழகம் முழுவதும் புதிதாக 527 பேருக்குக் கொரோனா. சென்னையில் 266. அதற்கு அடுத்த இடத்தில் யாரும் எதிர்பாராத கடலூர் மாவட்டம்: ஒரே நாளில் 122 பேர். அதுவரை அங்கே கண்டறியப்பட்டிருந்த எல்லோரையும் கூட்டினாலும் இதில் பாதி தேறாது.

காரணம், சென்னையின் கோயம்பேடு சந்தை. அங்கே மூட்டை தூக்கப் போனவர்கள், தொற்றுச் செய்தி பரவி ஊரடங்கும் இறுகியதும், கிடைத்த லாரியில் ஏறி ஊர் வந்து சேர்ந்திருந்தார்கள். அந்தப் பட்டியல் வந்த மறுநாள் சந்தையே மூடப்பட்டது.

ஏப்ரல் கடைசியில் ஒரு விஞ்ஞானி கடலூருக்கென்று கணிப்பு போட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அதுவரை கிடைத்த எண்களை வைத்து எப்படிக் கோடு இழுத்தாலும் 122-ஐத் தொட்டிருக்காது. அவர் திறமையில் குறை காண முடியாது. நோய் பரவும் விதமே அப்படி.

ஒரு நோயாளி சராசரியாக இரண்டு மூன்று பேருக்குத் தொற்றைக் கொடுப்பார் என்று அப்போது தினமும் கேட்டோம். அந்தச் சராசரிக்குள் பெரிய மேடுபள்ளம் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் 84,965 நோயாளிகளோடு தொடர்பில் இருந்த 5,75,071 பேரின் விவரங்களை ஆராய்ந்த கட்டுரை 2020-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. தொடர்பாளர்களைப் பரிசோதித்துப் பார்த்ததில், சுமார் 70 சதவீத நோயாளிகளிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றியதாகத் தெரியவில்லை. மிகச் சிலரிடமிருந்தே பலருக்குப் போயிருக்கிறது. கிராமம் கிராமமாக அலைந்து பெயர் எழுதிய நம் களப்பணியாளர்களின் உழைப்பில் உலகம் கற்ற பாடம் இது.

ஆக, ஓர் ஊருக்குள் பத்து நோயாளிகள் வந்தால் பத்துத் தொற்றுச் சங்கிலிகளும் அங்கேயே அறுந்துபோகலாம். அல்லது அவர்களில் ஒருவர், தொற்று உச்சத்தில் இருக்கும் நாளில், நெரிசலான சந்தையில் நிற்கலாம். எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல எந்தச் சூத்திரமும் இல்லை.

எண்ணிக்கை பெருகிய பிறகு சராசரி ஓரளவு கைகொடுக்கும். ஆனால் அப்போதும் சிறு பிழை பூதமாகிவிடும். 100 நோயாளிகள், ஒவ்வொருவரும் 1.2 பேருக்குக் கொடுத்தால் பத்தாவது சுற்றில் புதிதாகச் சுமார் 620 பேர். அதுவே 1.4 என்றால் 2,900 பேர். அறிகுறியே இல்லாதவர்கள் நடமாடும் ஊரில், முடிவு வர நாட்களாகும் பரிசோதனையை வைத்துக்கொண்டு இந்த 0.2-ஐத் துல்லியமாக அளப்பது எப்படி?

கடலூர்க்காரர்களுக்குப் புயல் எச்சரிக்கை புதிதல்ல. 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ கரையேறியதைப் பார்த்தவர்கள் அவர்கள். வானொலியில் தன்னைப் பற்றிச் சொல்வதைக் கேட்டுப் புயல் திசை மாறாது. நோய்ச் செய்தியைக் கேட்ட மனிதர் மாறுவார். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருப்பார், அல்லது பயந்து லாரி ஏறுவார். கணிப்பு வெளியான நொடியிலேயே அது கணித்த உலகம் வேறாகிவிடுகிறது.

திரும்பி வந்தவர்களைத் தேடிப் பரிசோதித்ததால்தான் அந்த 122 வெளியே தெரிந்தது. “ஊருக்கு நோயைக் கொண்டுவந்தவர்கள்” என்ற ஏச்சுக்குப் பயந்து அவர்கள் ஒளிந்திருந்தால், எந்தக் கணிதமும் உதவியிருக்காது. ஊரே அடங்கியிருந்த நாட்களில் சென்னையின் அடுப்புக்குக் காய்கறி போய்ச் சேர மூட்டை சுமந்தவர்கள் அவர்கள்.

அடுத்த தொற்றுக் காலத்தில் யாராவது ஒற்றை எண்ணைச் சொன்னால், குறைந்தது எவ்வளவு, கூடினால் எவ்வளவு என்று கேளுங்கள். சிதம்பரம் பேருந்து நிலையத்தில் வந்து இறங்குபவர், எங்கிருந்து வருகிறேன் என்று பயமில்லாமல் சொல்ல இடம் கொடுங்கள்.