சின்சில்லாவுக்கு மிக்ஸர் ஆகாது பாஸ்!

பேரைக் கேட்டதும் இட்லிக்குத் தொட்டுக்கிற ஏதோ புது சட்னின்னு நினைச்சீங்கன்னா, நீங்க நம்ம கட்சி! சின்சில்லாங்கிறது அணிலையும் முயலையும் கலந்து, மேலே வெல்வெட் போர்த்தின மாதிரி ஒரு குட்டி ஜீவன். இது மண்ணுல குளிக்கிற வீடியோவை மொபைல்ல பார்த்துட்டு, ‘மச்சி, ரூமுக்கு ஒண்ணு வாங்கிடலாமா?’ன்னு கேட்காத கேங் இருக்கா? வேளச்சேரியில எங்க ரூம்லயும் அந்தக் கேள்வி வந்தது. அதுக்கு பதில் தேடப் போய், நாங்க படிச்ச பாடம்தான் இந்தக் கட்டுரை.

மலையில பிறந்த மகராசன்

சின்சில்லாவோட சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. குளிர், காய்ஞ்ச காத்து, பாறை இடுக்கு, அங்கங்கே கொஞ்சம் புல்லு... அவ்வளவுதான் அதோட உலகம். அந்த மென்மையான ரோமமே அதுக்கு எமனா வந்தது. ஒரு கோட் தைக்க நூத்துக்கும் மேல சின்சில்லாக்கள் செத்தாகணும். வேட்டையாடி வேட்டையாடி கிட்டத்தட்ட முடிச்சே விட்டாங்க. 1923-ல் மத்தியாஸ் சாப்மன் என்கிற அமெரிக்கர், சிலி நாட்டிலிருந்து 11 சின்சில்லாக்களை கலிஃபோர்னியாவுக்குக் கொண்டு போனார். இன்னிக்கு வீடுகள்ல வளர்ற சின்சில்லாக்கள்ல பெரும்பாலானவை அந்த 11-ன் வாரிசுகள்தான்! காட்டுல மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்த சிலி அரசு 1983-ல் ஒரு காப்பகமே அமைச்சது.

சரி, வேளச்சேரிக்கு வருவோம். வெப்பம் 27 டிகிரியைத் தாண்டினாலே சின்சில்லாவுக்கு ஆபத்து. அதுக்கு வியர்க்காது, அவ்வளவு அடர்த்தியான ரோமத்துக்குள்ள சூடு மாட்டிக்கும். நம்ம சென்னை 2003 மே மாசத்துல 45 டிகிரியைப் பார்த்த ஊர். ‘ஏசி போட்டா போச்சு’ன்னு சொல்றவங்க, 2023 டிசம்பரை ஞாபகப்படுத்திக்கணும். மிக்ஜாம் புயல்ல வேளச்சேரியில பல தெருக்கள்ல நாள்கணக்குல கரன்ட் இல்லை. அதுவே மே மாசமா இருந்திருந்தா, மெழுகுவத்தி வெளிச்சத்துல நாம எப்படியோ சமாளிப்போம். சின்சில்லா? எங்க சீனியர் அண்ணன் ஒருத்தர் கேட்டது ஒரே கேள்விதான்: “டேய், உங்க ரூம்ல ஃபேனே மூணு பேருக்குத்தான் காத்து வருது. அதுக்கு எங்கடா வைப்பீங்க?”

நியாயம்தானே! சின்சில்லா பிளானை டிராப் பண்ணினோம். அதுக்கு பதிலா, அதே ஆண்டிஸ் மலைப் பக்கத்துச் சொந்தக்காரங்களான கினி பிக் ரெண்டை வாங்கிட்டு வந்தோம். பேரு பொரி, கடலை.

‘புல்லா?’

முதல் மாசம் ரெண்டுக்கும் ராஜ உபசாரம். நாங்க என்ன தின்னோமோ, அதுங்களும் அதையே தின்னுச்சுங்க. பிஸ்கட், முறுக்குத் துண்டு, சூரியகாந்தி விதை, மிச்சம் இருந்த சாதம். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கிற சத்தம் கேட்டாலே ‘வீக்... வீக்’னு ரெண்டும் கத்தும். அதைக் கேட்கவே இன்னொரு பாக்கெட் பிரிப்போம்.

ஒருநாள் சாயந்திரம் கடலை சாப்பிடலை. மூலையில முதுகைக் கூனிக்கிட்டு உட்கார்ந்திருந்தது. பெட்டியில அது பக்கம் புழுக்கையும் இல்லை. “வயிறு ஃபுல்லா இருக்கும்டா, காலையில பார்த்துக்கலாம்”னு சொன்னது நான்தான். மறுநாள் இன்டர்னல் டெஸ்ட். காலையில எழுந்து பார்த்தப்போ கடலை போயிடுச்சு.

பொரியைத் துண்டுல சுத்திக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடினோம். “புல் எவ்வளவு போடுறீங்க தம்பி?”ன்னு கேட்டாங்க. நாங்க மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். “புல்லா மேடம்?” அவங்க திட்டவே இல்லை. திட்டியிருந்தா பரவாயில்லைன்னு தோணுச்சு.

வயித்துக்குள்ள ஒரு பயோகேஸ் பிளான்ட்

சின்சில்லா, கினி பிக், முயல் மூணுக்கும் சாப்பாட்டு லாஜிக் ஒண்ணுதான். இதுங்க பெருங்குடலோட ஆரம்பத்துல ஒரு பெரிய பை இருக்கு. அதுக்குள்ள கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் நார்ச்சத்தைப் புளிக்க வெச்சு சத்தாக மாத்துது. நம்ம பாஷையில சொன்னா, அது ஒரு மினி பயோகேஸ் பிளான்ட். அதுக்கு ஏத்த எரிபொருள் புல். அதுல சர்க்கரையும் மாவும் கொட்டினா தப்பான பாக்டீரியா பெருகும், கேஸ் ஏறும். இதுங்களால வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போறது ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு! குடல் ஓடிக்கிட்டே இருந்தாதான் உயிர். புழுக்கை நின்னுச்சுன்னா பிளான்ட் நின்னுச்சுன்னு அர்த்தம்.

ரெண்டாவது விஷயம் பல்லு. இதுங்களுக்கு ஆயுசு முழுக்கப் பல் வளர்ந்துக்கிட்டே இருக்கும். முரட்டுப் புல்லை மணிக்கணக்கா மென்னாதான் தேயும். பிஸ்கட் ஒரே கடியில கரைஞ்சிடும். பல் தேயாம நீண்டு, கன்னத்தைக் குத்தி, கடைசியில சாப்பிடவே முடியாமப் போயிடும். (சின்சில்லாவுக்குப் பல் ஆரஞ்சு கலர்ல இருந்தா பயப்படாதீங்க, அதுதான் ஆரோக்கியம். வெளுத்துப் போனாதான் கவலைப்படணும்!)

மெனு கார்டு

சின்சில்லாவுக்கு: தட்டுல எப்பவும் காய்ஞ்ச புல் இருக்கணும். உலகம் முழுக்கக் கொடுக்கிறது ‘திமோத்தி’ புல். அதுக்கு மேல, விதையும் பருப்பும் கலக்காத பெல்லட் ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு டேபிள் ஸ்பூன், சுத்தமான தண்ணி. முடிஞ்சுது! ட்ரீட் கொடுத்தே ஆகணும்னா, காய்ஞ்ச ரோஜாக்காய் ஒண்ணு அல்லது ஒரு சிட்டிகை வெறும் ஓட்ஸ், அதுவும் வாரத்துல ஓரிரு நாள்தான். உலர்திராட்சையை அது கெஞ்சிக் கேட்கும். நாம கல் மனசா இருக்கணும். வேர்க்கடலை, முந்திரி, சாக்லேட், பால், மிக்ஸர் எல்லாத்துக்கும் நோ என்ட்ரி.

கினி பிக்குக்கு: புல் இதே கணக்குதான். கூடவே வைட்டமின் சி கட்டாயம். நம்மளை மாதிரியே இதாலயும் உடம்புக்குள்ள வைட்டமின் சி தயாரிக்க முடியாது. கப்பல் மாலுமிகளை வாட்டின ஸ்கர்வி நோய் சாப்பாட்டுக் குறையால வருதுன்னு புரிஞ்சதே, 1907-ல் நார்வே விஞ்ஞானிகள் ஹோல்ஸ்டும் ஃப்ரோலிக்கும் கினி பிக்கை வெச்சு செஞ்ச சோதனையிலதான். ஒரு கிலோ எடைக்கு தினம் 10-லிருந்து 30 மில்லிகிராம் தேவை. ஒரு துண்டு குடைமிளகாய், ஒரு கைப்பிடி கொத்தமல்லி கொடுத்தா கணக்கு சரியாப் போச்சு. எப்பவாவது ஒரு சின்னத் துண்டு கொய்யா கொடுத்தா அதுக்குத் தீபாவளி.

புல்லுக்கு எங்கே போறது?

பாக்கெட் புல் விலை அதிகம்தான். ஆனா, நம்ம ஊர்லயே வழி இருக்கு. பிள்ளையார் கோயில் வாசல்ல விக்கிற அருகம்புல்லை நல்லா அலசி, கினி பிக்குக்கும் முயலுக்கும் கொடுக்கலாம். மாட்டுக்குப் போடுற கம்பு நேப்பியர் புல்லும் ஓகே. நிழல்ல காயவெச்சு வைக்கலாம். ஆனா, ஐப்பசி, கார்த்திகை மழையில பூஞ்சை பிடிச்சா அப்படியே குப்பைக்குத்தான். ரோட்டோரப் புல்லைப் பறிக்காதீங்க. வண்டிப் புகையும் நாய் மூச்சாவும் அதுல ஃப்ரீ! வைக்கோல் படுக்கைக்குச் சரி, சாப்பாட்டுக்குச் சத்து பத்தாது.

நெட்ல ‘அல்ஃபால்ஃபா’ன்னு பெரிய பேரா வருமே, அது வேற ஒண்ணுமில்லை, நம்ம ஊரு குதிரை மசால்தான்! அதுல கால்சியம் ஜாஸ்தி. குட்டிகளுக்கும் சினையா இருக்கிறதுக்கும் சரி. வளர்ந்ததுக்கு தினமும் போட்டா சிறுநீர்ப்பையில கல் வரலாம். அகத்திக்கீரைக்கும் அதே எச்சரிக்கைதான்.

வாங்கறதுக்கு முன்னாடி...

சின்சில்லா சராசரியா 10 வருஷத்துக்கு மேல, சில சமயம் 20 வருஷம் வரைக்கும் வாழும். அதாவது நாம டிகிரி முடிச்சு, வேலைக்குப் போய், கல்யாணம் ஆகி, நம்ம பிள்ளை ஸ்கூல் போற வரைக்கும்! காட்டுச் சின்சில்லா சர்வதேச வணிகத் தடைப் பட்டியல்ல இருக்கு. பண்ணையில பழக்கின வகைக்கு மட்டும்தான் அதுல விலக்கு. வன உயிரினச் சட்டத்தை 2022-ல் திருத்தினதுக்கு அப்புறம் அந்த மாதிரிப் பட்டியல்ல வர்ற வெளிநாட்டு உயிரினங்களை வளர்க்க அரசுகிட்ட பதிவு செய்யணும். அதனால பில், பேப்பர் இல்லாம யாராவது நீட்டினா வாங்காதீங்க.

டாக்டர் எங்கேன்னு முதல்லயே தெரிஞ்சு வெச்சுக்கங்க. 1903-ல் தொடங்கின வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி நம்ம ஊர்லதான் இருக்கு. அரை நாள் சாப்பிடலைன்னா, புழுக்கை போடலைன்னா, பல்லை நறநறன்னு கடிச்சா, ‘காலையில பார்த்துக்கலாம்’ங்கிற வார்த்தையே வேண்டாம். ப்ளீஸ்.

பொரி இப்போ நல்லா இருக்கு. ஞாயித்துக்கிழமை மார்க்கெட் போயிட்டு வந்து கொத்தமல்லிக் கட்டைப் பிரிச்சா, அந்தக் காகிதச் சத்தத்துக்கே ‘வீக்... வீக்’னு ரூமே அதிரக் கத்துது. கடலையும் அப்படித்தான் கத்தியிருக்கும். நாங்கதான் அதுக்கு பிஸ்கட் பாக்கெட் சத்தத்தைப் பழக்கி வெச்சிருந்தோம்.