ரேடார் வாய்மூடும் நேரம்

பெங்களூரு ஜோகுபாளையத்துச் சந்திலிருந்து பழைய மெட்ராஸ் ரோட்டில் ஏறியதும், சித்தப்பா பையனின் புதுக் கார் கத்த ஆரம்பித்தது. முன்னால் பைக். மறுபடி பைக். இருப்பதைக் கண்டு கத்தினால் பரவாயில்லை. இல்லாததைக் கண்டு தானாகவே பிரேக் அடித்தால்? பின்னால் ஒரு முழ இடைவெளியில் ஆட்டோ வரும் ஊர் இது.

இப்படி எச்சரிக்கும் கார்களின் முன்பக்க ரேடார் 77 கிகாஹெர்ட்ஸ் அருகே அலை விடுகிறது. ஒரே சுருதியில் அல்ல. வீணைத் தந்தியில் விரலை இழுப்பதுபோல, சில பத்து மைக்ரோ விநாடிக்குள் சுருதி விறுவிறுவென ஏறும். எதிரொலி திரும்புவதற்குள் ரேடார் இன்னும் மேலே போயிருக்கும். இரண்டுக்கும் உள்ள சுருதி வித்தியாசத்தை வைத்துத் தூரம் கணக்காகிறது.

இந்த ரேடாரை ஏமாற்ற நினைப்பவன் அதே இழுப்பைக் கொஞ்சம் பிந்தி அனுப்பினால் போதும். ஒரு மைக்ரோ விநாடி பிந்தினால் 150 மீட்டரில் பொய் வண்டி முளைக்கும். இயற்பியலும் அவன் பக்கம்தான். தூரம் இரட்டித்தால், போய்த் திரும்பும் எதிரொலி 16-இல் ஒரு பங்காக இளைக்கும்; ஒருவழி வரும் அவன் அலையோ 4-இல் ஒரு பங்காகத்தான் குறையும்.

2016 டெஃப் கான் ஹேக்கர் மாநாட்டில் சீன ஆய்வாளர்கள் காட்டியது முரட்டு வழி: நின்றிருந்த டெஸ்லா மாடல் எஸ் காரின் ரேடாரை இரைச்சலால் மூழ்கடித்தார்கள்; எதிரே இருந்த பொருள் திரையிலிருந்து மறைந்தது. டியூக் பல்கலைக்கழகத்தின் ‘மேட்ரேடார்’ முறை நுணுக்கமானது. எதிரி ரேடாரின் அமைப்பை முன்கூட்டித் தெரிந்துகொள்ளாமல், கேட்டே கற்றுக்கொண்டு பொய் வண்டியைக் காட்டும். நிஜ வண்டியை ஒளிக்கும்.

ராணுவத்துக்கு இது பழங்கதை. 1943 ஜூலையில் ஹாம்பர்க் வானில் பிரிட்டிஷ் விமானங்கள் அலுமினியத் தாள் கீற்றுகளைக் கொட்டி ஜெர்மன் ரேடாரைக் குருடாக்கின. அன்றிலிருந்து தொடரும் ஆட்டத்தில் போர் ரேடார் கற்ற பாடம், அலைவரிசையைத் தாவித் தாவி மாற்றுவது. ஜோகுபாளையத்துக்குக் கிழக்கே, சி.வி. ராமன் நகரில், பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ரேடார் ஆய்வகமான எல்ஆர்டிஇ இருக்கிறது. அதே வட்டாரத்தில் கார் ரேடார் சிப் செய்யும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் கிளை. ஆகாயத்துப் பாடமும் தெருவுக்கு வரும் சரக்கும் ஒரே பேட்டையில்!

கார் ரேடாரும் இழுப்பின் தொடக்கத்தையும் வேகத்தையும் தாறுமாறாக மாற்றிக்கொண்டே இருக்கலாம். திருடனுக்கு அடுத்த ஸ்வரம் பிடிபடாது. எனக்குப் பிடித்தது இன்னொன்று: நடுநடுவே, முன்னறிவிப்பின்றி, ரேடார் வாய்மூடிக் காது கொடுப்பது. நாம் பாடாதபோது எதிரொலி கேட்டால் அது யாரோ பாடியது. அவன் சுதாரித்து நிறுத்துவதற்குள் சில நொடித்துகள் கடந்துவிடும், அதிலேயே பிடிபடுவான்.

பிடித்த பிறகு? சடன் பிரேக் கூடாது. ரேடாரை ஒதுக்கி, கேமராவை நம்பி, ஓட்டுநரை எச்சரிக்க வேண்டும். சித்தப்பா பையனோ, அல்சூர் தாண்டுவதற்குள் எச்சரிக்கைச் சத்தத்தையே அணைத்துவிட்டான். தலைவலியாம்.