கொழுந்து பறிக்கும் கண்ணும் கைபேசிக் கமெராவும்

தேயிலைச் செடியை ஒரு முழ தூரத்தில் நின்று, நாள் முழுக்க, நிரை நிரையாகப் பார்க்கிறவர்கள் கொழுந்து பறிப்பவர்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் தேடிப் போகும் அந்தக் கண்ணில் வேறு பலவும் படுகின்றன. பட்டிழையால் ஒட்டிச் சுருட்டிய இலை, அதற்குள் நெளியும் பச்சைப் புழு, தொட்டால் தீயாய் எரியும் முள்ளுப்புழு, தளிரின் அடியில் அப்பிக் கிடக்கும் செடிப்பேன், அதைத் தின்ன வந்த பொறிவண்டு. அப்புத்தளை, தியத்தலாவை, பண்டாரவளைப் பக்கத்து லயங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இவை பழகிய உயிர்கள். ஆனால், இந்த மலைகளின் பூச்சிகளைப் பற்றி எழுதப்பட்ட நூல்களில் இந்தக் கண்கள் கண்டவை ஏறவே இல்லை. இன்று கமெரா உள்ள கைபேசி பல லயங்களுக்கும் வந்துவிட்டது. நூறு ஆண்டுக் குறையைத் தீர்க்க அது போதும்.

துரைமார் எழுதி வைத்தவை

அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில், ஒரு மலைமுதுகின் மேல் அமைந்த ஊர். தெற்கே மலை சரேலென்று இறங்கி ஹல்துமுல்லை வழியாகத் தாழ்நிலத்துக்குப் போகிறது. வடக்கே ஊவாவின் குன்றுகளும் பள்ளங்களும் விரிகின்றன. சில மைல்களுக்குள் உயரமும் வெப்பமும் மழையும் இவ்வளவு மாறுவதால், தாழ்நிலத்துப் பூச்சியையும் மலைநாட்டுப் பூச்சியையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

இதைப் பயன்படுத்திக்கொண்டவர் ஹல்துமுல்லைப் பக்கத்தில் தோட்டத் துரையாக இருந்த டபிள்யூ. ஓர்மிஸ்டன். இலங்கை வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிய அவருடைய நூல் 1924 இல் வெளிவந்தது. இலங்கைக்கே உரிய நீலநிற வண்ணத்துப்பூச்சி ஒன்றுக்கு 1920 இல் அவர் பெயரையே சூட்டினார்கள். அவர் செய்த இன்னொரு வேலை அதைவிடப் பெரியது. கூட்டம் கூட்டமாகப் பறந்துபோகும் வண்ணத்துப்பூச்சிகளைக் கண்ட நாளையும் திசையையும் குறித்து வைத்தார். சி. பி. வில்லியம்ஸ் என்ற பூச்சியியலாளர் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வண்ணத்துப்பூச்சிகளின் இடப்பெயர்வு பற்றி 1927 இல் வெளியிட்ட ஆய்வு, ஓர்மிஸ்டன், ஈ. ஈ. கிரீன் முதலிய நால்வரின் குறிப்புகளையே பெரிதும் நம்பி எழுதப்பட்டது.

கிரீனும் தோட்டத்திலிருந்து வந்தவர்தான். பூண்டுலோயாவில் தேயிலை பயிரிட்டுக்கொண்டே செதிற்பூச்சிகளை ஆராய்ந்து, பின்னர் அரசாங்கப் பூச்சியியலாளர் ஆனார். இலங்கைச் செதிற்பூச்சிகள் பற்றிய அவருடைய நூல் 1896 முதல் 1922 வரை ஐந்து பகுதிகளாக வந்தது. அதற்கும் முன்னால், 1880 முதல் 1887 வரை வெளியான பிரெடரிக் மூரின் மூன்று தொகுதி நூலுக்கு இலங்கையின் டி அல்விஸ் குடும்பத்து ஓவியர்கள் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் அவற்றின் புழுக்களையும் வரைந்து கொடுத்தார்கள். புழுவை அது தின்னும் செடியோடு சேர்த்து வரைந்த அந்த ஓவியங்கள் இன்றைய புகைப்படக்காரருக்கும் நல்ல பாடம்.

துரைமாருக்கு வலையும் காகிதமும் ஓய்வும் தபாலும் இருந்தன. அவர்களுடைய மலைகளில் செடியோடு செடியாக நின்றவர்களுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. பார்வையில் குறை எதுவும் இருக்கவில்லை. பார்த்ததைப் பதிந்து வைக்க வழிதான் இருக்கவில்லை.

ஒரு மருந்தும் ஒரு குளவியும்

பதிவு எதற்கு என்று கேட்பவர்களுக்குத் தேயிலையின் சொந்த வரலாறே பதில் சொல்லும்.

இலையைச் சுருட்டும் டோர்ட்ரிக்ஸ் புழு ஒரு காலத்தில் இலங்கைத் தேயிலைக்குப் பெரிய தொல்லை. அதன் உடலுக்குள் முட்டையிடும் மக்ரோசென்ட்ரஸ் என்ற சிறிய ஒட்டுண்ணிக் குளவியை 1935–36 இல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து மலைகளில் விட்டார்கள். குளவியின் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று வளர்ந்தன. தொல்லை அடங்கியது. உலகப் பாடநூல்கள் எடுத்துக்காட்டும் வெற்றி அது.

அடுத்த சிக்கல் துளைவண்டு. பசறை போன்ற நடுமட்டத் தோட்டங்களில் பலருக்கும் இதைத் தெரியும். பெண்வண்டு சுமார் 2 மில்லிமீற்றர் நீளம். தேயிலைக் கிளையில் குண்டூசித் துளை போலக் குடைந்து உள்ளே போகும். அது மரத்தைத் தின்பதில்லை. தான் சுமந்து வந்த பூஞ்சையைச் சுரங்கச் சுவரில் வளர்த்து, தானும் தன் புழுக்களும் அதையே உண்ணும். தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சி. எச். காட், சி. ஏ. லூஸ் இருவரும் 1947 இல் அந்தப் பூஞ்சையை விவரித்தார்கள். சுரங்கம் விழுந்த கிளை, கை பட்டாலே படக்கென்று முறியும்.

இந்த வண்டை அழிக்க 1950களில் டீல்ட்ரின் என்ற மருந்தைத் தெளித்தார்கள். மருந்து மக்ரோசென்ட்ரஸ் குளவியையும் கொன்றது. அடங்கிக் கிடந்த டோர்ட்ரிக்ஸ் மறுபடியும் மலைமலையாகப் பரவியது. ஒரு பூச்சியை மட்டும் பார்த்து, அதைச் சுற்றியுள்ளவற்றைப் பாராமல் விட்டதற்குக் கிடைத்த பலன் இது. சுருண்ட இலையைப் பிரித்து, உள்ளே இருப்பது உயிருள்ள புழுவா, ஒட்டுண்ணிக் குளவியின் கூடா என்று பார்த்துப் படம் எடுக்கிற ஒருவர், அந்த மலையில் எந்தப் பக்கம் வலுவாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி சேர்க்கிறார்.

கிட்டப் போகக் கூடாதவை

மலையகத்தில் குளவிக்கொட்டு அடிக்கடி வரும் செய்தி. உயிரும் போயிருக்கிறது. தாக்குவது பெரும்பாலும் இரண்டு வகையான உயிர்கள். ஒன்று, உயர்ந்த மரத்திலும் பாறையிலும் ஒற்றை அடையாகத் திறந்த கூடு கட்டும் பெருந்தேனீ. மற்றது, பந்து போன்ற காகிதக் கூடு கட்டும் பெருங்குளவி. பெருந்தேனீயின் கொடுக்கு முள்ளுடையது. அது தோலிலேயே தங்கி நஞ்சைச் செலுத்திக்கொண்டிருக்கும். அதிலிருந்து எழும் வாசனை மற்றத் தேனீக்களையும் அதே இடத்துக்கு அழைக்கும். ஆகவே கொட்டுப்பட்டவர் உடனே விலகி ஓட வேண்டும், கொடுக்கை விரைவில் அகற்ற வேண்டும். பெருங்குளவி ஒன்றே பல முறை கொட்டும்.

பெருந்தேனீக்கள் இலங்கையில் பருவத்துக்குப் பருவம் தாழ்நிலத்துக்கும் மலைக்கும் இடையே குடிபெயர்பவை. அந்தப் பயணத்தையும் அவற்றின் ஆட்டமொழியையும் நிகொலாஸ், குட்ரூன் கெனிகர் இணையர் ஆராய்ந்து 1980 இல் வெளியிட்டார்கள். கூடு எந்த மாதம் எந்த மரத்தில் வந்தது, எப்போது கலைந்தது என்று தூரத்திலிருந்து எடுத்த தேதியிட்ட படங்கள் ஒரு தோட்டத்தில் சில வருடம் சேர்ந்தால், எந்த மலையில் எப்போது எச்சரிக்கை தேவை என்பதை முன்கூட்டியே சொல்லலாம். தொழிலாளர் பாதுகாப்புக்கு இது நேரடியாக உதவும். கைபேசியைத் தூக்கிக்கொண்டு கூட்டின் அடியில் போய் நிற்பது மட்டும் ஒருபோதும் கூடாது.

படம் எடுக்கும் முறை

விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. கைபேசியில் கவ்வி மாட்டும் சிறிய மக்ரோ வில்லை இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வண்ணத்துப்பூச்சி, தும்பி, கும்பிடுபூச்சி, சில்வண்டு போன்றவை போதிய அளவு தெளிவாக விழும்.

அப்புத்தளையின் குளிர் இங்கே நமக்குத் துணை. பூச்சியின் உடல் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் சூடு பெறுவது. மூடுபனி விலகாத காலையில் அதன் சிறகுத் தசைகள் இயங்கப் போதிய சூடு இருக்காது. பனித்துளி படிந்த தும்பி புல்நுனியில் அசையாமல் இருப்பது அதனால்தான். வெயில் ஏறியதும் வண்ணத்துப்பூச்சிகள் சிறகை விரித்துச் சூடேற்றிக்கொள்ளும். சிறகின் மேற்புறத்தை எடுக்க அந்தச் சில நிமிடங்களே வாய்ப்பு.

நம் நிழல் பூச்சியின் மேல் விழக் கூடாது. குனிந்து, மெதுவாக, அதன் மட்டத்திலேயே அணுக வேண்டும். இவ்வளவு கிட்டத்தில் தெளிவாக விழும் ஆழம் சில மில்லிமீற்றர்தான், ஆகையால் கண்ணைக் குறிவைக்க வேண்டும். மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, உட்கார்ந்திருக்கும் செடியோடு ஒன்று என மூன்று படம் எடுத்தால் இனம் காண எளிது. மருந்து தெளித்த மலைக்குள் போகக் கூடாது. தோட்டத்து அனுமதியையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வேலி ஓரத்து நாயுண்ணிப் பூ, பீலிக்கரை ஈரம், வீட்டுத் தோட்டத்துக் கோவா, லயத்துத் தாழ்வாரம் ஆகிய இடங்களிலேயே ஒரு வருடத்துக்குத் தேவையான வேலை இருக்கிறது.

இரவில் விளக்கே போதும். மழை ஓய்ந்த இரவில் கடைவிளக்கின் கீழ்ச் சுவரில் பத்துப் பதினைந்து வகை அந்துப்பூச்சிகளைக் காணலாம். அவை விளக்கை விரும்பி வருகின்றன என்று நெடுங்காலம் எண்ணினார்கள். அதிவேகக் கமெராக்களால் அவற்றின் பறப்பைப் படம்பிடித்து 2024 இல் வெளியிட்ட ஆய்வொன்று வேறு காரணத்தைக் காட்டியது. பறக்கும் பூச்சி தன் முதுகை வெளிச்சமான பக்கத்துக்குத் திருப்பிக்கொள்ளும். இயற்கையில் வெளிச்சமான பக்கம் வானம் என்பதால் அது நேராகப் பறக்கிறது. விளக்கருகே முதுகை விளக்குக்குத் திருப்பித் திருப்பி, அதைச் சுற்றியே சிக்கிக்கொள்கிறது. ஆகவே படம் எடுத்து முடிந்ததும் விளக்கை அணைப்பது அந்த உயிர்களுக்கு நாம் செய்யும் நன்மை.

தேதி, இடம், செடி

பிடித்து ஊசியில் குத்தி வைக்கும் பழக்கம் நமக்கு வேண்டாம். அனுமதியின்றிப் பிடிப்பது சட்டத்துக்கும் விரோதமாகலாம். 2020 மே மாதம் யாலை தேசிய பூங்காவில் நூற்றுக்கணக்கான பூச்சிகளோடு பிடிபட்ட இத்தாலியர் இருவருக்கு, 2024 இல் நீதிமன்றம் 6 கோடி ரூபா தண்டம் விதித்தது. படமோ உயிரை அதன் இடத்திலேயே விட்டுவிட்டுச் சான்றை மட்டும் தருகிறது. சில சிற்றினங்களைப் படத்தால் மட்டும் பிரித்தறிய முடியாது என்பது உண்மை. பேரினம் வரை தெரிந்தாலும் அது பயனுள்ள பதிவே.

அழகான படம் அறிவியல் சான்றாக மாற மூன்று விவரங்கள் தேவை: எடுத்த தேதி, எடுத்த இடம், பூச்சி இருந்த செடி. இவற்றோடு படத்தைச் சேர்த்துவைக்க உலகப் பொதுவான தளங்கள் உண்டு. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் 2008 இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் அவற்றுள் ஒன்று. அங்கே போடும் படத்தைப் பிறர் பார்த்து இனம் சொல்வார்கள், திருத்துவார்கள், ஆய்வாளர்கள் எடுத்துப் பயன்படுத்துவார்கள்.

தொடர்ந்து குறிப்பது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு மாலைதீவு சாட்சி. கடல் உயிரியலாளரான சார்ள்ஸ் அண்டர்சன் தாம் வாழ்ந்த தீவுகளில் ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் வாக்கில் தும்பிகள் திரளாக வந்திறங்குவதைக் கவனித்தார். நன்னீரே அரிதான அந்தத் தீவுகளுக்கு அவை எங்கிருந்து வந்தன என்று கேட்டு, வந்த நாட்களைக் குறித்தார். அவை இந்தியாவிலிருந்து கடல் கடந்து ஆபிரிக்கா நோக்கிப் போகின்றன என்ற முடிவை 2009 இல் வெளியிட்டார். அந்தத் தும்பி இனம் நம் மைதானங்களின் மேலும் பறப்பதுதான்.

அப்புத்தளைப் பாடசாலை ஒன்றின் உயர்தர உயிரியல் வகுப்பு, ஒரே வேலியோரத்தை வாரம் ஒரு முறை, ஒரு வருடம் முழுக்கப் படம் எடுத்துப் பதிந்தால், வண்ணத்துப்பூச்சிக் கூட்டம் எந்த வாரம் கடந்தது, கச்சான் காற்றில் எவை மறைந்தன, மழைக்குப் பின் எவை முதலில் திரும்பின என்பதெல்லாம் தெரியவரும். நாளைக்கு இந்த மலைகளின் பருவம் மாறினால், ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பதிவு இருக்கும். கொழுந்து பறித்துவிட்டு வரும் அம்மாவிடம் சுருண்ட இலை எந்த மலையில் அதிகம் என்று அந்த மாணவர் கேட்டால், பாடநூலில் இல்லாத பதில் கிடைக்கும். அதையும் அந்த அம்மாவின் பெயரோடு எழுதிவைக்க வேண்டும். ஊவாவின் பூச்சிகளைப் பற்றிய அடுத்த நூலை எழுதும் உரிமையும் தகுதியும் லயத்துப் பிள்ளைகளுக்கு உண்டு.