கொதிக்கும் இயந்திரம்: கனரக டீசல் லொறியின் வெப்பமிகுதியும் அதன் காரணம் காணும் முறையும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ-9 வீதி, அலவத்துகொடையைக் கடந்து பலகடுவைக் கணவாயில் ஏறி, மாத்தளைப் பள்ளத்தாக்கினுள் இறங்குகின்றது. பின்னர் நாலந்தை, நாவுல வழியாகத் தம்புள்ளையை அடைகின்றது. 1880ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற புகையிரதப் பாதை மாத்தளையோடு முடிந்துவிடுதலின், இவ்வீதியிற் சரக்கேற்றும் சுமை லொறிகளுக்கே உரியதாயிற்று. தம்புள்ளையில் 1999இல் பொருளாதார மத்திய நிலையம் அமைந்தபின் மரக்கறி லொறிகளின் போக்குவரத்து மேலும் பெருகிற்று. வெங்காயமும் பூசணியும் நிறைந்த லொறியொன்று கணவாய் ஏற்றத்தின் நடுவே ஆவி கக்கி நிற்குமாயின், விடியுமுன் சந்தை சேரவேண்டிய சரக்கும், உரிமையாளனின் பல மாத வருவாயும் ஒருங்கே இடருறுகின்றன.

உருடோல்பு டீசல் என்னும் செருமானியப் பொறியியலாளர் 1897இல் ஒளகுசுபேக்கு நகரில் இயக்கிக் காட்டிய இயந்திரம், எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினையே வேலையாக மாற்றியது. இன்றைய லொறி இயந்திரங்கள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேலும் மாற்ற வல்லன. எஞ்சிய வெப்பத்தில் ஒரு பகுதி புகையோடு வெளியேறும்; மற்றொரு பகுதியை உருளைகளைச் சூழ்ந்தோடும் நீரே கவர்ந்து, றேடியேற்றரிற் காற்றுக்குக் கொடுத்தல் வேண்டும். ஏற்றத்திலோ எரிபொருட் செலவு உச்சத்தில் நிற்க, வண்டியின் வேகம் குன்றி எதிர்க்காற்றும் குறைகின்றது. நலமுள்ள வண்டியும் சோதனைக்குள்ளாகும் இடம் அதுவே.

ஆகவே, காரணம் தேடுவோன் முதலில் வினவவேண்டியது, 'எப்பொழுது கொதிக்கின்றது?' என்பதாகும். வேலைத்தலங்கள் சிலவற்றில் இவ்வினா எழுமுன்னரே உருளைத்தலையைக் கழற்றிவிடுகின்றனர். தளர்ந்த பட்டி ஒன்றினால் விளைந்த குற்றத்திற்கு இயந்திரம் முழுவதையும் பிரித்த கூலியை உரிமையாளன் கொடுக்க நேர்வது இரங்கத்தக்கது.

மெதுவாக ஏறும்போது மட்டும் கொதித்து, சமவெளியில் ஓடும்போது தணியுமாயின், ஐயம் விசிறியின்மேற் செல்லவேண்டும். விசிறிப் பட்டி தளர்ந்திருக்கலாம். விசிறியின் பிசுக்குமைப் பிணைப்பு வலுவிழந்திருக்கலாம். அன்றி, றேடியேற்றரின் இதழ்களிடையே தூசும் பூச்சியும் வைக்கோற்றுகளும் அடைந்து காற்றோட்டத்தைத் தடுத்திருக்கலாம். இவ்வழுக்கை இயந்திரப் பக்கமிருந்து முன்னோக்கி நீர் பாய்ச்சிக் கழுவுதலே முறை. சமவெளியில் விரைந்தோடும்போதும் வெப்பம் ஏறுமாயின், நோய் பெரும்பாலும் குழாய்களின் உள்ளே இருக்கும். இயந்திரத்தை நிறுத்தியபின் றேடியேற்றரின் முகப்பைக் கையாற் சற்றே தொட்டறிந்தால், அடைபட்ட குழாய்கள் உள்ள இடம் குளிர்ந்திருக்கக் காணலாம்.

இவ்வுள்ளடைப்பிற்கு இம்மாவட்டத்தில் ஒரு தனிக் காரணமுண்டு. மாவட்டத்தின் வடபகுதி வரண்ட வலயத்தைச் சார்ந்தது. ஆங்குள்ள கிணற்று நீர் பெரும்பாலும் வன்னீர். வழியோரக் கிணற்றில் மொண்டு ஊற்றும் ஒவ்வொரு வாளியும், தேநீர்க் கேத்தலின் அடியிற் படிவது போன்ற வெண்படிவை உருளைச் சுவரிலும் குழாயிலும் விட்டுச் செல்கின்றது. அப்படிவு வெப்பத்தை எளிதிற் கடத்தாது. கிளைக்கோல் கலந்த குளிர்த்திநீர் விலை மிக்கது என்று தவிர்ப்போர், பின்னர் அதனினும் பெருந்தொகை செலவிடுகின்றனர்.

புறப்பட்ட சிறிது நேரத்திலேயே வெப்பமானி உயர்ந்து, மேற்குழாய் சுட, கீழ்க்குழாய் குளிர்ந்தே கிடப்பின், ஏறத்தாழ 80 பாகையில் திறக்கவேண்டிய தேமோஸ்ரற்று மூடியபடி இறுகியிருத்தல் கூடும். அதனைக் கழற்றிக் கொதிநீரில் இட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். நீரிறைக்கும் பம்பி பழுதுற்றாலும் இக்குறியே தோன்றுமாதலின் அதனையும் நோக்கவேண்டும். குளிர்ந்த இயந்திரத்தை மூடி திறந்தபடி இயக்கியவுடன் நீரில் இடையறாது குமிழிகள் எழுமாயினும், மசகெண்ணெய் பால்போல் வெளுத்திருப்பினும் மட்டுமே, தலையின் காசுக்கற்று எரிந்ததென ஐயுற்று அதனைக் கழற்ற முற்படலாம்.

றேடியேற்றரின் மூடியைச் சாரதிகள் பலர் வெறும் அடைப்பாகவே கருதுகின்றனர். சதுர அங்குலத்திற்கு 15 இறாத்தல் அழுத்தத்தைத் தாங்கும் மூடி, நீரின் கொதிநிலையை 100 பாகையிலிருந்து ஏறத்தாழ 120 பாகைக்கு உயர்த்துகின்றது. அதன் வில் தளர்ந்தால், வேறெக்குறையுமில்லாத வண்டியும் நீரைக் கக்கும். சூட்டோடு அதனைத் திறந்தாலோ, அழுத்தம் நீங்கிய நீர் அக்கணமே ஆவியாய்ப் பொங்கித் திறந்தவன் முகத்தைப் புண்ணாக்கும்.

வெப்பமானியை முற்றாக நம்புதலும் தகாது. நீர்மட்டம் அதன் உணர்முனைக்குக் கீழே இறங்கிவிடின், முள் தாழ்ந்து நின்று நலம் போலக் காட்டும். உள்ளே இயந்திரமோ வெந்துகொண்டிருக்கும்.

ஏற்றத்தில் உயர்ந்த கியரில் முக்கி முனகிச் செல்லும் வண்டியில் விசிறியும் பம்பியும் மெதுவாகவே சுழல்கின்றன. தாழ்ந்த கியருக்கு மாற்றுவதனால் இரண்டும் விரைவு பெறும். முள் மேலும் ஏறுமாயின் வண்டியை ஓரத்தில் நிறுத்தி, நீர் வற்றாதிருப்பின் இயந்திரத்தைச் சில நிமிடம் சுமையின்றி ஓடவிடல் வேண்டும். உடனே நிறுத்தினால் நீரோட்டம் நின்று, இரும்பிலுள்ள வெப்பம் தேங்கிய நீரைக் கொதிக்கச் செய்யும். நீர் வற்றியிருப்பின் நிறுத்திவிட்டு, கைபொறுக்கும் அளவு ஆறும்வரை காத்திருத்தல் வேண்டும். சூடேறிய உருளைத்தலையிற் குளிர்நீர் பட்டால் அது வெடித்துவிடும். ஆறியபின்னரும், இயந்திரத்தை இயக்கிவிட்டு, நீரைச் சிறிது சிறிதாகவே வார்த்தல் வேண்டும்.