மேடையேறிய கவிதையும் மேடை காணாத புதினமும்

கவிதை செவிக்கென்றே பிறந்த கலை. இஸ்லாத்திற்கு முந்திய அரபகத்தில் உக்காழ் சந்தையில் கவிஞர்கள் கூடித் தம் பாடல்களை அரங்கேற்றினர். பின்னர், ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அவர்கள் கவிதை சொல்வதற்கென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலிலேயே மிம்பர் அமைத்துக் கொடுத்ததை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. அதே வேளையில், திருமறையின் 26ஆம் அத்தியாயமாகிய 'அஷ்ஷுஅரா', தாம் செய்யாததைச் சொல்லித் திரியும் கவிஞர்களைக் கண்டிக்கிறது. ஈமான் கொண்டு நல்லறம் புரிவோரை அக்கண்டனத்திலிருந்து விலக்குகிறது. ஆகவே, மேடை நம் மரபில் கவிஞனுக்குச் சிறப்பாகவும் பொறுப்பாகவும் அமைந்தது.

தமிழில் இம்மரபின் இன்றைய வடிவம் கவியரங்கம். 1973இல் திருச்சியில் நடைபெற்ற மாநாடு தொடங்கி, இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடுகள் பலவற்றை நாம் கண்டுள்ளோம். அத்தகைய விழாக்களில் அவை நிறைவது பெரும்பாலும் கவியரங்க நேரத்தில்தான். கவிஞர் ஓரடியை இருமுறை சொல்வார். இரண்டாம் முறை ஈற்றுச் சொல்லைச் சற்றே நிறுத்துவார். அவை அதனை ஊகித்து ஆரவாரிக்கும். உருது முஷாயிராவில் 'முகர்ரர்' என்று கேட்டு, அடியை மீண்டும் சொல்லச் செய்யும் சுவைஞரும் இவ்வகையினரே. யாப்பைத் துறந்த புதுக்கவிதை மேடையில் எடுபடாது என்ற ஐயத்தைப் போக்கியவர்களுள் கவிக்கோ அப்துல் ரகுமானும் மு. மேத்தாவும் முதன்மையானவர்கள். எனினும், கைத்தட்டலுக்காகவே அடி புனையும் ஆசை இம்மேடையின் நோய். அஷ்ஷுஅராவின் எச்சரிக்கை இங்கே நினைக்கத்தக்கது.

புதினத்தின் நிலை வேறு. தேனி மாவட்டமே இதற்குச் சான்று. பெரியகுளத்தில் பிறந்த மேத்தா 'சோழ நிலா' என்னும் வரலாற்றுப் புதினத்தையும் எழுதினார். அவ்வூரை அடுத்த வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்து, வைகை அணைக்காக ஊரிழந்த மக்களைப் பற்றி எழுதிய 'கள்ளிக்காட்டு இதிகாசம்' 2003இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இருவரின் கவிதைகளையும் அரங்குகள் ஆரவாரித்துக் கேட்டன; புதினங்களோ பெரிதும் தனியறையில் படிக்கப்பட்டன. விழாக்களில் புதின ஆசிரியருக்குக் கிடைப்பது உரையாற்றும் வாய்ப்பே; அவர் தம் நூலைப் பற்றிப் பேசுகிறாரேயன்றி நூல் பேசுவதில்லை.

இதனால் இழப்பு யாருக்கு? தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி' 1997இல் அகாதெமி விருது பெற்றது. அவர் கையாண்ட தென்கோடிக் கரையோர முஸ்லிம்களின் வழக்கு அச்சில் பலரைத் திணறச் செய்கிறது. அவ்வழக்கறிந்தோர் வாய்விட்டுப் படித்தால் பொருள் தானே விளங்கும். கம்பம் பள்ளத்தாக்கில் தந்தையை 'அத்தா' என்றழைக்கும் ராவுத்தர் இல்லங்களின் பேச்சுக்கும் இது பொருந்தும். ஒலிக்கக் கேட்காத வழக்கு இரு தலைமுறைகளில் மறையக்கூடும். பின்னர் அகராதியில் மட்டுமே அதனைத் தேட நேரும்.

எனவே கலை விழாக்களில் கவியரங்கத்திற்கு முன் அரைமணி நேரம் புதின வாசிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது நம் கருத்து. உரையாடல் மிகுந்த ஓர் அத்தியாயமும், அவ்வழக்கைப் பேசி வளர்ந்த ஒருவரின் குரலும் போதும். கதைச்சுருக்கமோ பாராட்டுரையோ வேண்டா. உத்தமபாளையத்தில் 1956இல் தோன்றிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி போன்ற நிறுவனங்களிலும் இது இயலும். வருசநாட்டு மலையடிவாரத்து மயிலாடும்பாறையின் ஒரு பள்ளிக்கூடத்திலும் இயலும். மிம்பர் அமைத்துக் கவிதையைக் கேட்ட சமுதாயம், தன் கதைகளுக்கும் செவி தருதல் முறையே.